மீதி ஒன்பது லிட்டர்

அயனம்பாக்கத்தில் ஒருவர் ஒரே நாளில் பத்து லிட்டர் பால் வாங்கினால், ஊர் அதற்கு மூன்று காரணங்களைத்தான் ஒப்புக்கொள்ளும். ஒன்று, வீட்டில் விசேஷம். இரண்டு, கோயிலில் பாலாபிஷேகம். திருவேற்காட்டுக் கருமாரியம்மன் பக்கத்தில்தான் இருக்கிறாள். மூன்று, மறுநாள் ஏதோ ஒரு நடிகரின் படம் ரிலீஸ், கட்அவுட்டுக்கு ஊற்ற வேண்டும். அறுபதைத் தாண்டிய ஒருவர், அதுவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், “சீஸ் பண்ணப் போறேன்” என்று நான்காவதாக ஒரு காரணத்தைச் சொன்னபோது, பால் பூத்காரர் பாக்கெட் எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அது கடையிலயே கிடைக்குதே சார். எடுத்துத் தரவா?”

பூத்காரர் தருவதாகச் சொன்னது சதுரக் கட்டிகளாக வரும் சீஸ். அதன் கதையே வேறு. 1911இல் ஸ்விட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்று இரண்டு பேர், ஏற்கெனவே தயாரான சீஸைத் துருவி, சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கி, திரும்ப உறையவிட்டார்கள். வெயில் நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்பது அவர்கள் கவலை. அதுதான் ‘பிராசஸ்டு சீஸ்’. சூட்டில் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். அதன்பிறகு அது முதிராது, மாறாது, யாருக்கும் தொந்தரவு தராது. சீஸ் தோசையில் நாம் சாப்பிடுவது அதைத்தான். சூப்பர்வைசருக்கு வேண்டியது தொந்தரவு தரும் சீஸ்.

இந்த ஆசையை மூட்டியவள் நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகள். விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் சாக்லேட்டுக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவே ஒரு வட்டமான கௌடா சீஸைக் கொண்டுவந்திருந்தாள். அப்பா அதைக் கத்தியால் சீவிச் சீவித் தின்றார். தீர்ந்ததும் மால் ஒன்றுக்குப் போய் அதே சீஸின் விலையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார். தொழிலில் இருந்த காலத்தில் வெளியிலிருந்து வரும் எந்த உதிரி பாகத்தின் விலையைப் பார்த்தாலும் “இதை நாமளே போட்டுடலாம்” என்று சொல்லிப் பழகிய மனிதர். 1960களிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டே அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டார். பசும்பால் பத்து லிட்டருக்குச் சுமார் ஒரு கிலோ சீஸ் என்பது உலகம் முழுக்க ஏறக்குறைய பொது விகிதம். பால் விலையைப் பத்தால் பெருக்கினால் மால் விலையில் கால்வாசிகூட வரவில்லை. காகிதத்தை மனைவியிடம் காட்டினார். அந்த அம்மாள் லாபத்தைப் பார்க்கவில்லை. நேராக வேறோர் இடத்தில் விரலை வைத்தார்.

“பத்து லிட்டர்ல ஒரு கிலோ சீஸ். சரிங்க. மீதி ஒம்பது லிட்டர் எங்க போகும்?”

“அது தண்ணியா வடிஞ்சிடும்மா.”

“வடிஞ்சு?”

இந்தக் கேள்விக்கு அன்று பதில் இல்லை. இதே கேள்விதான் ஐரோப்பாவின் பால் பண்ணைகளையும் வெகுகாலம் தூங்கவிடாமல் செய்தது என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முதலில் ரென்னெட் வந்தது. பனீருக்கு எலுமிச்சைச் சாறு போதும். கொதிக்கிற பாலில் பிழிந்தால் திரிந்துவிடும், துணியில் கட்டித் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. சீஸ் அப்படிப் பிறப்பதில்லை. பாலில் கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ரென்னெட்டில் உள்ள கைமோசின் என்ற நொதி அந்த இழைகளைக் குறிப்பாக ஓர் இடத்தில் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட உருண்டைகள், பாலில் உள்ள கால்சியத்தின் துணையோடு கைகோத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் பால் முழுவதையும் ஒரே கட்டியாக நிறுத்திவிடும். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டுவது என்றால் சூப்பர்வைசருக்கு உயிர். நொதிமீது அவருக்குத் தொழில்முறை மரியாதை ஏற்பட்டுவிட்டது.

மரியாதை அவ்வளவு சுலபமாகச் சமையலறைக்குள் நுழையவில்லை. பழைய முறையில் ரென்னெட் எடுப்பது பால்குடி மறவாத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து. இதைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அந்த டப்பா இந்த வாசப்படிய தாண்டக் கூடாது.”

தாண்டவும் இல்லை. ரைசோமியூக்கர் மீஹை என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கும் சைவ ரென்னெட் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கிறது; இந்திய சீஸ் ஆலைகள் நம்பியிருப்பது நுண்ணுயிர் ரென்னெட்டைத்தான். கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் பொருத்தி, நொதிக்கவைத்து எடுக்கும் கைமோசினுக்கும் 1990இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அப்புறம் தாவர வழிகள். போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் ஒருவகை முள்செடியின் பூவை ஊறவைத்துப் பாலில் விடுகிறார்கள். பழைய கிரேக்கர்கள் அத்திப் பால் விட்டார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் சர்க்கரை வியாதிக்காரர்கள் ராத்திரி ஊறவைத்துக் காலையில் குடிக்க வாங்கிப்போகும் ‘பன்னீர்ப் பூ’ இருக்கிறதே, அமுக்கராக் கிழங்குச் செடியின் நெருங்கிய சொந்தம், அதன் காயும் பாலை உறையவைக்கும். வடமேற்கு இந்தியாவில் அதற்காகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். பப்பாளிப் பாலும் உறையவைக்கும். ஆனால் அது கண்ட இடத்திலெல்லாம் புரதத்தை வெட்டித் தள்ளுவதால் சீஸ் கசந்துபோகும். “அப்ரெண்டிஸ் வேலை” என்று சூப்பர்வைசர் அதை ஒதுக்கிவிட்டார்.

அடுத்தது பால். ஆவின் பாக்கெட்டில் நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை என்றால் 4.5, ஆரஞ்சு என்றால் 6. காபி டிக்காஷனுக்கு எந்த நிறம் என்பதில் வீட்டுக்கு வீடு கட்சி உண்டு. சீஸுக்கு எந்த நிறம் என்று பூத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. பாக்கெட் பால் ஏற்கெனவே சூடுபடுத்திக் குளிரவைத்தது. அதில் கால்சியத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதனால் சிட்டிகை கால்சியம் குளோரைடு சேர்க்க வேண்டும். மாதக்கணக்கில் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அட்டைப் பெட்டியில் விற்கிறார்களே, அதி உயர் வெப்பத்தில் காய்ச்சிய அந்தப் பாலில் ரென்னெட் எத்தனை துளி விட்டாலும் கட்டி நிற்காது.

பாக்கெட்டைவிடக் கறந்த பால் மேல் என்று சூப்பர்வைசர் பால்காரரைப் பிடித்தார். இத்தனை அடுக்குமாடி எழும்பிய பிறகும் ஏரிப் பக்கம் மாடு மேய்கிற ஊர் இது. பாலைப் பிடித்ததோடு விட்டிருக்கலாம். கூடவே ஒரு லாக்டோமீட்டரும் வாங்கினார். பாலின் அடர்த்தி தண்ணீரைவிடச் சுமார் 3 சதவீதம் அதிகம். கண்ணாடிக் குழாய் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்று பார்த்தால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வாசலில் நின்று, பால்காரர் கண்ணெதிரே, குழாயை மிதக்கவிட்டார்.

“சார், எங்கப்பா காலத்துலேர்ந்து ஊத்துறோம். யாரும் பாலுக்கு ஜுரம் இருக்கான்னு பாத்ததில்ல.”

“கோவிச்சுக்காதப்பா. சும்மா ரீடிங்தான்.”

“ரீடிங் சரியா வரணும்னா சொல்லு சார், வர வெச்சிடலாம்.”

பால்காரர் சொன்னதில் விஞ்ஞானம் இருந்தது. தண்ணீர் சேர்த்தால் ரீடிங் இறங்கும். ஆடையை எடுத்துவிட்டால் ஏறும். இரண்டையும் அளவாகச் செய்துவிட்டால் லாக்டோமீட்டர் திருப்தியாகத் தலையாட்டும். கருவி அலமாரிக்குப் போனது, பால்காரரோடு சமாதானம் ஆனது.

சமாதானம் ஆன பால் வீட்டுக்குள் வந்ததும் வேறொரு கண்டத்தில் மாட்டியது. கறந்த பாலில் புரூசெல்லா, காசநோய்க் கிருமி என்று வேண்டாத விருந்தாளிகள் இருக்கலாம் என்பதால் 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். சூப்பர்வைசர் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மாள் பாலைப் பார்த்தார். பச்சைப் பால் அடுப்படியில் சும்மா இருந்தால் ஒரு தமிழ்ப் பெண்மணி என்ன செய்வாரோ அதைச் செய்தார். மூன்று பொங்கு வரும்வரை காய்ச்சி இறக்கி வைத்தார்.

கொதித்த பாலில் மோர்ப் புரதங்கள் உருக்குலைந்து கேசின் உருண்டைகளின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு ரென்னெட்டுக்கு வெட்ட இடம் கிடைக்காது. தயிருக்கும் பனீருக்கும் கொதித்த பால் நல்லது, சீஸுக்கு ஆகாது. பாலைக் கண்டால் பொங்கவைக்கும் பழக்கமுள்ள நாட்டில் தயிர் ஓங்கி நின்றதற்கும் சீஸ் வேர் பிடிக்காததற்கும் இதுவும் ஒரு காரணம் என்று சூப்பர்வைசர் மனைவியிடம் எடுத்துச் சொன்னார். “அப்ப நம்ம பழக்கம் நல்ல பழக்கம்தானே?” என்று அந்த அம்மாள் கேட்டார். அன்றைய பத்து லிட்டரும் பால்கோவா, பாயசம், உறை ஊற்றிய தயிர் என்று தெருவுக்குப் பிரிந்து போனது. தெருவில் பலர் சீஸ் என்றால் பால்கோவாதான் என்று நம்ப ஆரம்பித்தார்கள்.

கிழமை விஷயத்திலும் ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. பால் பொங்கினால் லட்சுமி, திரிந்தால் அபசகுனம் என்று வளர்ந்த வீட்டில், ஒரு மனிதர் வேண்டுமென்றே, அதுவும் லிட்டர் கணக்கில், பாலைத் திரியவிடுவது எளிதில் ஒப்புக்கொள்கிற காரியமில்லை. வெள்ளிக்கிழமை கூடவே கூடாது என்று தீர்ப்பாயிற்று. சீஸுக்குச் சனிக்கிழமை ஒதுக்கப்பட்டது.

அந்தச் சனிக்கிழமைகளில் அயனம்பாக்கம் அவருக்கு அள்ளிக் கொடுத்தது. ரென்னெட் வேலை செய்ய 30 முதல் 32 டிகிரி வேண்டும். ஐரோப்பாவில் இதற்காக அடுப்பு, வெந்நீர்த் தொட்டி என்று ஏற்பாடு செய்கிறார்கள். இங்கே சித்திரை மாதத்தில் பாத்திரத்தைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு மின்விசிறியை அணைத்தால் போதும். கட்டி நின்றதும் கத்தியால் கீறிப் பார்க்க வேண்டும். கீறல் சுத்தமாகப் பிளந்து, பிளவில் தெளிந்த நீர் ஊறினால் பதம். பிறகு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டு சிறிதானால் நீர் அதிகம் வடியும், சீஸ் கெட்டிப்படும். சூப்பர்வைசர் வெர்னியர் காலிபரை வைத்துத் துண்டுகளை அளந்தார். அதை வேடிக்கை பார்த்த பேரன், தாத்தா இன்னும் வேலைக்குப் போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டான்.

வடிகட்ட எட்டு முழ வேட்டி ஒன்று கிழிபட்டது. போலந்தில் ஏழாயிரம் ஆண்டுப் பழமையான, துளையிட்ட மண்பாண்ட ஓடுகள் கிடைத்தன; அவற்றில் ஒட்டியிருந்த பால் கொழுப்பை ஆராய்ந்து, அவை சீஸ் வடிகட்டிய பாண்டங்கள் என்று 2012இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஏழாயிரம் ஆண்டுகளாக மனிதன் வடிகட்டிக்கொண்டுதான் இருக்கிறான். வடிகட்டிய பிறகு அழுத்த வேண்டும். முதலில் அம்மிக்கல் ஏறியது. ஒரு பக்கம் சாய்ந்து சீஸ் வாழைத்தண்டு நறுக்கிய வாகில் வந்தது. பழைய சகா ஒருவரின் லேத் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில், திருகாணி வைத்து, ஒரு பிரஸ் தயாரானது. அதன் துல்லியத்துக்கு ராக்கெட் பாகமே போடலாம். அந்த பிரஸ்ஸுக்கு ஆன செலவைக் கணக்குக் காகிதத்தில் சேர்த்தால் மால் விலை மலிவாகத் தெரிந்தது. அதனால் அவர் அதைச் சேர்க்கவில்லை.

கௌடா செய்கிறார் என்ற செய்தி தெருவில் பரவியபோது, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் வந்து, “கௌடான்னா கர்நாடகாக்காரங்களாச்சே, நம்மகிட்ட தண்ணி விடுவாங்களா?” என்று கேட்டார். விட்டார்கள். ஒன்பது லிட்டர்.

உள்ளபடியே கௌடாவில் தண்ணீர் இன்னும் அதிகம். நடுவில் கொஞ்சம் வடிநீரை இறுத்துவிட்டு வெந்நீர் ஊற்றித் துண்டுகளைக் கழுவ வேண்டும்; புளிப்பு ஏறாமல் இருக்க டச்சுக்காரர்கள் கண்ட வழி. ஆகச் சமையலறையில் இருந்த குடம், வாளி, இட்லிக் குண்டான் எல்லாவற்றிலும் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நீர் நிரம்பி நின்றது. அந்த நிறம் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினால் வருவது. அதில் தண்ணீர் 93, 94 சதவீதம். பால் சர்க்கரையான லாக்டோஸ் கிட்டத்தட்ட 5. புரதம் முக்கால் சதவீதத்துக்கும் கீழே. பாலில் இருந்த திடப்பொருளில் ஏறக்குறையப் பாதி இதில்தான் போகிறது. ஆகவே இது தண்ணீர் இல்லை, கீழே ஊற்றக் கூடாது என்று அறிவிப்பு வெளியானது.

கீழே ஊற்றக் கூடாது என்றால் மேலே யார்மீதாவது ஊற்ற வேண்டும். சப்பாத்தி மாவு அதில் பிசையப்பட்டது. இது பரவாயில்லை, மாவு மெத்தென்று வந்தது. ஆனால் ஒன்பது லிட்டருக்கு மாவு பிசைந்தால் கல்யாணப் பந்தி போட வேண்டும். ரசத்தில் சேர்ந்தது. லாக்டோஸின் இனிப்பு ரசத்தில் இறங்கியதும், “கௌடா பண்ணப் பண்ண ரசமும் உடுப்பிக்குப் போயிடுச்சு” என்றார் அந்த அம்மாள். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்கள். தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றினால் செடி ஏற்றுக்கொள்ளும். உப்பு சேர்ந்த வடிநீரைத் தினமும் ஊற்றினால் எந்தச் செடி தாங்கும்? செடி இலை உதிர்த்துத் தன் கருத்தைச் சொன்னது.

சத்துள்ளது என்று கேட்டு, ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனர் பெரிய சொம்பு நிறைய வாங்கிக் குடித்தார். குழந்தைப் பருவம் தாண்டியதும் லாக்டோஸை முழுதாகச் செரிக்கும் திறன் குறைந்துவிடுவது தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்கு உண்டு. தயிரில் பாக்டீரியாக்கள் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. மைத்துனருக்கு அன்று தெரிந்தது. மாலை பஸ்ஸை அவர் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

மாடி வீட்டுப் பையன் ஜிம்முக்குப் போகிறவன். ‘வே புரோட்டீன்’ டப்பாவை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறான். அந்த வே என்பது இந்த வடிநீர்தான். ஒரு காலத்தில் பன்றிக்குப் போட்டது போக மிச்சத்தை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். 1970களில் நுண்வடிகட்டும் சவ்வுகள் வந்தபிறகு புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பொடியாக்கி விற்கக் கற்றார்கள். சூப்பர்வைசர் கணக்குப் போட்டார். டப்பாவில் ஒரு ஸ்கூப்பில் 25 கிராம் புரதம். அதே அளவு வேண்டுமென்றால் வடிநீரில் சுமார் மூன்றரை லிட்டர். ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

“தம்பி, உன் டப்பால இருக்கறதுதான். ஃப்ரெஷ்ஷு.”

“இவ்ளோவும் குடிக்கணுமா அங்கிள்?”

“ஒரு வேளைக்கு.”

பையன் அதன்பிறகு அங்கிளைக் கண்டால் படிக்கட்டில் இறங்காமல் லிஃப்ட்டில் போகிறான்.

சாக்கடையில் விட்டுவிடலாமே என்றால், அது இன்னும் பெரிய பாவம். வடிநீரை மட்கச் செய்ய நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் ஆக்சிஜனின் அளவு, வீட்டுக் கழிவுநீரைப்போல நூறு மடங்குக்கு மேல். கூவம் ஆறு இந்தப் பக்கமாகத்தான், திருவேற்காட்டையும் மதுரவாயலையும் தொட்டுக்கொண்டு நகருக்குள் போகிறது. அதன் உடம்பு இருக்கும் நிலையில் அதற்கு இதையும் கொடுப்பது தர்மம் இல்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடியபோது, விஷயம் சுவாரசியமானது. இத்தாலியில் பார்மெசான் சீஸின் வடிநீரைக் குடித்து வளர்கிற பன்றிகள்தான் பார்மா ஊரின் புகழ்பெற்ற இறைச்சியாகின்றன. ஸ்விட்சர்லாந்தில் 1952 முதல் ‘ரிவெல்லா’ என்று ஒரு சோடா விற்கிறது. அடிப்படைச் சரக்கு வடிநீர். நார்வேக்காரர்கள் பாலேடும் சேர்த்து மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சி, லாக்டோஸ் பழுப்பேறி, கத்தியால் சீவும் பதத்துக்குக் கொண்டுவந்து ‘புரூனோஸ்ட்’ என்கிறார்கள். நம்மூர்த் திரட்டுப்பாலுக்குக் கடல் கடந்த பங்காளி. மும்பையில் மௌசம் நாரங் நடத்தும் ‘எலெஃப்தீரியா’ நிறுவனத்தின் புரூனோஸ்ட், 2021இல் ஸ்பெயினில் நடந்த உலக சீஸ் விருதுப் போட்டியில் வெள்ளி வாங்கியது. அதாவது இந்தியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது, மைத்துனரின் வயிற்றைக் கலக்கிய அதே நீர்.

இந்தச் செய்தி வந்த வாரம் சமையலறையில் வடிநீர் சுண்டியது. அந்த அம்மாள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “இதுக்கு ஆகுற கேஸ் சிலிண்டர் கணக்கு, சீஸ்ல வருமா, தண்ணில வருமா?”

சீஸ் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பாதியில் உதவிய அயனம்பாக்கம், இரண்டாம் பாதியில் கை விரித்துவிட்டது. கௌடாவோ செடாரோ முதிர 10 முதல் 13 டிகிரி குளிரும் 85 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் மாதக்கணக்கில் வேண்டும். ஈரப்பதம் சென்னையில் இலவசம். குளிருக்கு வழியில்லை. ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் சீஸ் முதிராமல் வறண்டு கிடக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கிப் பழைய ஃப்ரிட்ஜில் பொருத்தினார். மழைக்காலத்தில் மின்சாரம் போனபோது, உள்ளே ஒரு பச்சைப் பூசணம் குடியேறியது. பிரான்ஸின் ரோக்ஃபோர்ட் சீஸிலும் நீலப் பூசணம்தான் என்று வாதாடினார். 1925இல் பிரான்ஸின் முதல் பாதுகாக்கப்பட்ட சீஸ் என்ற அந்தஸ்து பெற்றது ரோக்ஃபோர்ட். அதிலிருக்கும் பூஞ்சைக்குப் பெயரும் குலமும் உண்டு. இதற்கு அயனம்பாக்கம் என்பதைத் தவிர வேறு முகவரி இல்லை. முகவரி தெரியாத பூசணத்தைத் தின்னக் கூடாது. சீஸ் குப்பைக்குப் போனது.

தமிழ்நாட்டில் சீஸ் எங்கே வேர் பிடித்தது என்று பார்த்தாலே காரணம் விளங்கும். கொடைக்கானல் சீஸ் ஊரறிந்தது. ‘கயாமத் சே கயாமத் தக்’ எடுத்து ஆமிர் கானை நட்சத்திரமாக்கிய இயக்குநர் மன்சூர் கான், மும்பையையும் சினிமாவையும் விட்டுவிட்டுக் குன்னூரில் மாடு வளர்த்து சீஸ் செய்தார். ‘ஏக்கர்ஸ் வைல்ட்’ என்ற அந்தப் பண்ணையில் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். இரண்டும் மலை. சமவெளியில் செய்தவர்கள் குளிரை விலைக்கு வாங்கினார்கள்: ஆரோவில்லின் ‘லா ஃபெர்ம்’, சென்னையில் 2016இல் நம்ரதா சுந்தரேசனும் அனுராதா கிருஷ்ணமூர்த்தியும் தொடங்கி, மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய ‘கேஸே’. இத்தாலியில் முதிர்ச்சிக்கு இன்னும் மதிப்பு. அங்கே கிரெடெம் என்ற வங்கி, பார்மெசான் சக்கரங்களைத் தன் கிடங்கில் அடகு வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. நகையை வைத்தால் அப்படியே இருக்கும்; சீஸை வைத்தால் கடன் ஓடும்போதே சரக்கின் விலையும் ஏறும். இதைக் கேட்ட தாசில்தார், நம்மூரில் மின்வெட்டு இருக்கும்வரை நகைதான் பத்திரம் என்று அபிப்பிராயம் சொன்னார்.

தீர்வு குளிர்நாட்டிலிருந்து வரவில்லை, வெயில் கொளுத்தும் சைப்ரஸ் தீவிலிருந்து வந்தது. அங்கே ‘ஹலூமி’ என்று ஒரு சீஸ். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரை சைப்ரஸுக்கே உரியது என்று பாதுகாத்தது. அதனால் அயனம்பாக்கத்தில் செய்வதை அந்தப் பெயரில் ஐரோப்பாவில் விற்க முடியாது. சூப்பர்வைசருக்கு அப்படி உத்தேசமும் இல்லை. ரென்னெட் விட்டு, வெட்டி, வடித்து, அழுத்தும்வரை பழைய கதைதான். பிறகுதான் புத்திசாலித்தனம். வடிந்த நீரைக் கீழே ஊற்றுவதில்லை. அதையே கொதிநிலை நெருங்கக் காய்ச்சுகிறார்கள். மேலே மிதந்து வரும் மெல்லிய புரதத்தை அரித்தெடுத்தால் அது தனியாக ஒரு சீஸ், ‘அனாரி’. அதே கொதிநீரில் சீஸ் துண்டுகளைப் போட்டு வேகவைத்து, மேலே மிதந்ததும் எடுத்து, உப்பும் புதினாவும் தூவி மடித்து, உப்புநீரில் போட்டுவிடுகிறார்கள். நிலவறை வேண்டாம். மாதக்கணக்கில் தவம் வேண்டாம். புளிப்பு ஏறவிடாததால் கால்சியம் உள்ளேயே இருக்கிறது. அதனால் தோசைக்கல்லில் போட்டாலும் உருகாது, இரண்டு பக்கமும் சிவந்து நிற்கும்.

சூப்பர்வைசரின் ஹலூமி தோசைக்கல்லில் முறுகியபோது, அந்த அம்மாள் ஒரு துண்டை மிளகாய்ப் பொடியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, “இது சாப்பிடற மாதிரி இருக்கு” என்றார். அந்த வீட்டில் அதற்குமேல் சான்றிதழ் கிடையாது. கௌடா பிரஸ் இப்போது மாவடு ஜாடிக்குப் பக்கத்தில் ஓய்வாக இருக்கிறது. பால்காரர் சனிக்கிழமை பால் ஊற்றும்போது, லாக்டோமீட்டர் நலமா என்று மட்டும் கேட்கிறார்.

ஆகவே, சீஸ் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அயனம்பாக்கத்தின் சிபாரிசு இது. பத்து லிட்டரில் இறங்காதீர்கள், இரண்டு லிட்டர் போதும். நூற்றைம்பது, இருநூறு கிராம் கிடைக்கும், கெட்டுப்போனாலும் மனசு ஆறும். ரென்னெட் டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். கறந்த பால் என்றால் 63 டிகிரி, அரை மணி நேரம். வீட்டில் யாரும் அதைப் பொங்கவைத்துவிடாமல் காவல் நில்லுங்கள். சமவெளியில் இருந்துகொண்டு செடாருக்கு ஆசைப்படாதீர்கள், உப்புநீர் சீஸே நமக்குத் தோது. எல்லாவற்றுக்கும் முன்னால், வடிநீரை யார் தலையில் கட்டுவது என்று பேசி முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.